எந்தக் கட்டு வரை வந்தவன்? அரண்மனைக் கதைகளில் விசுவாசமும் துரோகமும்

"ஐயா, அப்ப இந்தக் கதையில நான்தான் துரோகியா?"

ஒத்திகைக்கு நடுவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். குளியல் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றியிருந்தான். கையில் அட்டைக் கத்தி, பிடியில் ஒட்டிய ஜிகினாத்தாள் பாதி உரிந்து தொங்கியது. பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிவகங்கைச் சீமையின் கதையை நாடகமாகப் போடுவதாக இருந்தோம். அவனுக்குக் கிடைத்த வேடம் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவர். 1801-ல் மருது சகோதரர்கள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, அதே கம்பெனி கூப்பிட்டுப் பட்டம் கட்டிய மனிதர்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. 'ஆமாம்' என்றால் அடுத்த ஒத்திகையிலிருந்து மீசையை முறுக்கிக் கண்ணை உருட்டி நடிக்க ஆரம்பித்துவிடுவான். 'இல்லை' என்றால், 'அப்ப மருது பாண்டியர் துரோகியா?' என்று அடுத்த கேள்வி வரும். அன்று சாயங்காலம் அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அரண்மனைக் கதை என்றாலே யார் யாருக்கு ஆள் என்று பிடிபடாமல் பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

ஒத்திகை நடந்த இடமே எனக்குக் கைகொடுத்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் வளவில் பயிற்சி செய்துகொள்ள இடம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் இருப்பது ஓர் ஆச்சி மட்டும். வயது எண்பதை நெருங்குகிறது. செட்டிநாட்டு வீட்டுக்குள் போய்ப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தெருவிலிருந்து படியேறினால் முகப்பு, அதில் இரண்டு பக்கமும் திண்ணை. நிலைக்கதவைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றித் தூண் நிறுத்திய தாழ்வாரம், அதை ஒட்டி ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஓர் அறை. அதற்குப் பின்னால் பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு. அதற்கும் பின்னால் அடுப்படி. வாசலில் நின்று பார்த்தால் நேர்கோடு பிடித்த மாதிரி பின்வாசல் வரை கண்ணுக்குத் தெரியும். தெரிகிறது என்பதற்காக எல்லாரும் உள்ளே போய்விட முடியாது.

ஆச்சியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "வழி கேட்டு வந்தவுக திண்ணையோட. கணக்கெழுத வந்தவுக முகப்போட. பங்காளிக, சம்பந்தகாரவுக வளவு வரைக்கும் வருவாக. பெட்டகச் சாவி யாருகிட்ட இருக்குன்னு எங்க அப்பச்சிக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார்.

இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்றே சொல்லலாம். அரண்மனையும் இப்படிக் கட்டுக்கட்டாகத்தான் இருக்கும். கோட்டை வாசல், கொலு மண்டபம், அந்தரங்க ஆலோசனை, கஜானா, முத்திரை, கடைசியாக ராஜாவின் சாப்பாடும் படுக்கையும். ஒருவன் எந்தக் கட்டு வரை வரலாம் என்பதுதான் அவன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையின் அளவு. துரோகம் என்பது உள்ளே விடப்பட்டவன் மட்டுமே செய்யக்கூடிய காரியம். திண்ணையோடு நின்றவன் கல்லெறியலாம், திருடலாம், வீட்டைக் கொளுத்தக்கூடச் செய்யலாம். அவன் எதிரி, திருடன், கொடியவன், என்ன பெயர் வேண்டுமானாலும் சொல்லுங்கள். துரோகி என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்கு அவன் கையில் முதலில் ஒரு சாவி இருந்திருக்க வேண்டும்.

பழைய அரண்மனைகளில் அடைப்பக்காரர் என்று ஒருவர் இருப்பார். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவர். இன்றைக்குக் கேட்டால் எடுபிடி வேலை போலத் தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ராஜாவின் வாய்க்குள் போகும் பொருள் அவர் கையைத் தாண்டித்தான் போகிறது. சுண்ணாம்போடு வேறொன்றைத் தடவ எவ்வளவு நேரம் ஆகும்? ராஜாவின் உயிர் சேனாபதியிடம் இருப்பதைவிட இவரிடம் அதிகமாக இருக்கிறது. சின்ன மருது அப்படி அடைப்பக்காரராக இருந்து உயர்ந்தவர் என்று சொல்வதுண்டு. அந்த வேலையைச் சிறுமையாகச் சொல்கிறவர்கள் அரண்மனையைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்பது என் எண்ணம்.

சாவி கொடுத்த பிறகு அவன் மாறாமல் இருக்க என்ன வழி? எல்லா அதிகாரமும் இந்தக் கேள்வியில்தான் தவிக்கிறது. செட்டிநாட்டுக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பர்மாவில் கடை வைத்த முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்துவது மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருஷத்துக்குக் கப்பல் ஏறுவார்கள். கடல் கடந்த இடத்தில் லட்சக்கணக்கில் பணம் இவர்கள் கையில் புரளும். முதலாளியின் கண் அங்கே இல்லை. ஆனாலும் ஏமாற்றியவன் ஊருக்குத் திரும்பினால் கோவிலில், கல்யாணத்தில், அடுத்த வேலைக்கு என எங்கேயும் தலைகாட்ட முடியாது. 'நாணயம்' என்ற சொல் எங்கள் பக்கத்தில் காசையும் குறிக்கும், மனிதனின் நேர்மையையும் குறிக்கும். இரண்டும் ஒரே பையில் இருந்தன.

ராஜாவுக்கு அப்படி ஊர்க்கட்டு கிடையாது. அவரை மீறினால் கேட்க அவருக்கு மேலே யாரும் இல்லை. அதனால் அவர் வேறு வழிகளைப் பிடித்தார். மானியம் கொடுத்தார், சத்தியம் வாங்கினார், பெண் கொடுத்தார், பிள்ளையைப் பணயமாக வைத்துக்கொண்டார். பரிதாபம் என்னவென்றால், கட்டிப்போட எடுத்த கயிறே பிற்பாடு அவர் காலைத் தடுக்கும். சிவகங்கைச் சீமை பிறந்த கதையே அப்படித்தான். ராமநாதபுரம் சேதுபதியின் மருமகன் சசிவர்ணத் தேவர். சேதுபதிக்குப் பிறகு பட்டத்துக்குச் சண்டை மூண்டது. அது முடிந்தபோது, 1730-வாக்கில், மறவர் சீமை ஐந்து பங்காகி இரண்டு பங்கு சசிவர்ணருக்கு வந்தது. அதுதான் சிவகங்கை. பெண் கொடுத்தால் பாதுகாப்பு, ஆனால் பெண் கொடுத்த இடத்தில் ஒரு பங்கும் முளைத்துவிடுகிறது. அரண்மனைத் தொடர்களில் கல்யாணக் காட்சிக்கு ஏன் அவ்வளவு பதற்றமான இசை போடுகிறார்கள் என்று இப்போது புரியும்.

சரி, இனி சிக்கலான இடத்துக்கு வருவோம். விசுவாசம் என்றால் யாருக்கு?

காரைக்குடியில் 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்பர் சமாதி இருப்பதாகச் சொல்லும் நாட்டரசன்கோட்டையும் இங்கே பக்கம்தான். அதனால் இந்த மண்ணில் கும்பகர்ணனா வீடணனா என்ற வாதத்தைக் காதில் வாங்காமல் வளர முடியாது. அண்ணன் செய்தது தப்பு என்று இரண்டு தம்பிகளுக்கும் தெரியும். இரண்டு பேருமே அதை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அவன் கேட்கவில்லை. வீடணன் வெளியேறி ராமனிடம் போகிறான். கும்பகர்ணன், 'இத்தனை நாள் வளர்த்து, போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வர முடியாது' என்று நின்று சாகிறான். இவர்களில் யாருக்கு விசுவாசம் இல்லை? வீடணனுக்கு அறத்தின் மேல் விசுவாசம். கும்பகர்ணனுக்குச் சோறு போட்ட கையின் மேல் விசுவாசம். நம் மக்கள் அதைச் செஞ்சோற்றுக் கடன் என்றார்கள். கர்ணனைச் சொல்லும்போதும் இதே சொல்தான் வரும்.

ஆக, விசுவாசத்துக்கு ஒரு முகவரி உண்டு. சிலருக்கு அது ஓர் ஆள்: இந்த ராஜா, இந்த ராணி. சிலருக்கு அது பட்டம். இன்று யார் உட்கார்ந்திருந்தாலும் அந்த வம்சத்தின் நாற்காலிக்கு வணக்கம். சிலருக்கு உண்ட சோறு. சிலருக்கு ஊரும் மண்ணும். நல்ல காலத்தில் இந்த முகவரிகள் எல்லாம் ஒரே வீட்டுக்குத்தான் போகும். அப்போது யாருக்கும் கஷ்டமில்லை, கதையும் இல்லை. அவை பிரியும் நாளில்தான் கதை பிறக்கிறது. நம்பிக்கையான ஒரு மனிதன் எந்தப் பக்கம் அடி எடுத்து வைத்தாலும் இன்னொரு பக்கத்துக்குத் துரோகியாகிவிடும் நாள் அது.

சிவகங்கையில் அந்த நாள் வர முப்பது வருஷம் ஆனது.

1772 ஜூனில் ஆற்காட்டு நவாபின் படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலில் தாக்கின. ராஜா முத்து வடுகநாதத் தேவர் அங்கே மாண்டார். ராணி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பி, திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சிப் பாளையத்தில் தஞ்சம் புகுந்தார். கூடப் போனவர்கள் பிரதானி, அதாவது முதல் அமைச்சர், தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும். நாடு போய்விட்டது. சிவகங்கைக்கு நவாபு வைத்த பெயர் உசேன் நகர். கஜானா கிடையாது, மானியம் கிடையாது, கொடுக்க எதுவுமே ராணியிடம் இல்லை. அந்த நிலையில் கூட இருந்தார்கள் பாருங்கள், அதைத்தான் நான் விசுவாசத்தின் சுத்தமான வடிவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். முதுமையில் இருந்த தாண்டவராய பிள்ளை அந்த வருஷக் கடைசியிலேயே மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதிப் படை கேட்டார். கேட்டது வந்து சேர்வதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. எட்டு வருஷம் காத்து, 1780-ல் ராணி சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார்.

அந்த எட்டு வருஷமும் ஆள், பட்டம், சோறு, மண் எல்லாம் ஒரே மனுஷியிடம் இருந்தன. யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பம் ஜெயித்த பிறகுதான் வந்தது. இதை நாடகம் எழுதுகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். தோற்றுக் கிடக்கும்போது அரண்மனை ஒற்றுமையாக இருக்கும். ஜெயித்த மறுநாள்தான் சாவிக்கொத்து யாரிடம் என்ற பேச்சு எழும். சிவகங்கையில் சின்ன மருது பிரதானி ஆனார், பெரிய மருது படைத்தலைவரான தளவாய். ராணியின் மகள் வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் பட்டத்துக்கு உரியவரானார். 1796-ல் வேலு நாச்சியாரும் போய்விட்டார். பட்டம் ஒருவரிடம், படையும் நிர்வாகமும் மருதுவிடம். ராணி என்ற அந்த ஓர் ஆள் இருந்தவரை இந்த இரண்டும் உரசாமல் இருந்தன.

இந்த இடத்தில்தான் படமாத்தூர் கௌரி வல்லபர் வருகிறார். அவர் அரச குடும்பத்தின் நெருங்கிய பங்காளி. அவர் பக்கத்துக் கதைப்படி, நியாயமான வாரிசு அவர்தான். வேலைக்கு வந்தவர்கள் வீட்டையே எடுத்துக்கொண்டார்கள், உரிமையுள்ளவன் உயிருக்குப் பயந்து வெளியே அலைகிறான். மருது பக்கத்துக் கதைப்படி, நாடு போய்க் கிடந்தபோது ராணிக்குத் தோள் கொடுத்து, ரத்தம் சிந்தி மீட்டவர்கள் அவர்கள். சீமையைக் காக்கவும் அவர்களால்தான் முடியும். இரண்டையும் முழு மனதோடு கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரு வலி இருக்கிறது.

என் பையன் இதைக் கேட்டுவிட்டு நேராக ஆச்சியிடம் போனான். "ஆச்சி, பங்காளிய எந்தக் கட்டு வரைக்கும் விடுவீக?"

ஆச்சி கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "பங்காளிய நிறுத்த முடியாதுப்பா. வீட்டுல அவுக பங்கும் இருக்குல்ல. நம்ம விட்டாத்தான் வரணும்னு அவுகளுக்கு இல்ல."

எனக்கே அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. கௌரி வல்லபருக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. சாவி தன்னுடையது என்று அவர் நம்பினார். அப்படி நம்புகிறவர் மனதில் துரோகம் என்ற சொல்லே எழாது. 'என் வீட்டுக்குள் நான் போகிறேன்' என்றுதான் இருக்கும்.

1801-ல் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை விழுந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பி, சின்ன மருதுவின் ஊரான சிறுவயலுக்கு வந்தார். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுவயல்தான், இன்றும் பஸ் போகிறது. அவரைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னது கம்பெனி. மருது கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, 1799-ல், புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமைக் காட்டில் பதுங்கியிருந்த கட்டபொம்மன் பிடிபட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார் என்பதை மருது அறியாதவர் இல்லை. கொடுத்தால் தன் சீமை பிழைக்கும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் மறுத்தார். என் மனம் மருது பக்கம் சாய்வது இந்த இடத்தில்தான். அதை நான் மறைக்கவில்லை.

ஜூன் மாதம் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோவிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜம்புத் தீவு அறிக்கை என்கிறோமே, அதுதான். அது எந்த ராஜாவின் பெயராலும் எழுதப்பட்டதில்லை. நாட்டில் உள்ள எல்லாச் சாதி மக்களையும் பார்த்து எழுந்து நிற்கச் சொன்னது. விசுவாசத்துக்கு ஒரு புதிய முகவரியை எழுதிக் காட்டிய தாள் அது. அரண்மனையைத் தாண்டி நிற்கும் ஒரு பெரிய மண்ணுக்கு.

கம்பெனிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது. ஒரு மாதத்துக்கு மேல் வெட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் புதரிலிருந்து குண்டும் ஈட்டியும் வந்துகொண்டே இருந்தன. முடியாமல் திரும்பினார்கள். அப்புறம் கர்னல் அக்னியூ செய்த காரியம் கோடாரியே தேவைப்படாதது. செப்டம்பரில் சோழபுரத்தில் கௌரி வல்லபருக்குப் பட்டம் கட்டினார்.

இது ஏன் அவ்வளவு வேலை செய்தது? அதுவரை மருதுவோடு நின்ற ஒரு சாமானியனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் விசுவாசம் மருதுவுக்கா, சிவகங்கைப் பட்டத்துக்கா? அதுவரை அவன் அந்தக் கேள்வியையே கேட்டதில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தன. இப்போது பட்டம் வேறு பக்கம் போய்விட்டது. வம்சத்து ரத்தம் அங்கே இருக்கிறது. எழுந்து அந்தப் பக்கம் போனால், 'நான் துரோகம் செய்யவில்லை, என் ராஜாவிடம் போகிறேன்' என்று தன் மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. பயந்தவனுக்கும் களைத்தவனுக்கும் அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. ஆட்கள் கலைந்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் விழுந்தது. மருது சகோதரர்கள் பிடிபட்டு, அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, அந்தச் சிறு பையனையும், வேங்கன் பெரிய உடையத் தேவரையும் இன்னும் பலரோடு பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

மக்களைத் துரோகம் செய்யச் சொல்லி யாரும் வெற்றி பெற்றதில்லை. அதை விசுவாசம் என்று அவர்கள் அழைத்துக்கொள்ள ஒரு வழி போட்டுக் கொடுத்தவர்கள்தான் வென்றிருக்கிறார்கள். அரண்மனைக் கதை எதைப் பார்த்தாலும், 'பழைய ராஜாவின் உண்மையான வாரிசு' என்று ஒருவர் திடீரெனக் கூட்டிவரப்படும் காட்சியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஆயிரம் பேர் நிம்மதியாகக் கட்சி மாறப் போகிறார்கள்.

அடுத்து எட்டப்பன். தமிழில் துரோகிக்கு இதைவிடப் பிரபலமான பெயர் இல்லை. அது ஒரு தனி மனிதனின் பெயரல்ல, எட்டயபுரம் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய பட்டப்பெயர். 1799-ல் எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மை. ஆனால் எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு அதற்கு முன்பே இருந்தது. கட்டபொம்மன் வீட்டுச் சோற்றை எட்டயபுரத்தார் உண்டதில்லை. எந்தச் சாவியும் வாங்கியதில்லை. ஆச்சி கணக்கில் அவர் திண்ணையில்கூட உட்காராதவர். அடுத்த தெருவில் இருந்த பகையாளி. அவர் மேல் ஒரு குற்றம் சொல்லலாம்: அந்நியனோடு சேர்ந்தார், மண்ணுக்குத் துரோகம் செய்தார் என்று. அது கனமான குற்றம்தான். ஆனால் அது இரண்டு வருஷம் கழித்து ஜம்புத் தீவு அறிக்கை உரக்கச் சொன்ன அளவுகோல். அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் புதுக்கோட்டையையும் அதில்தான் நிறுத்த வேண்டும். இதைச் சொல்லும்போது செட்டிநாட்டில் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்களில் ஒரு பகுதி சிவகங்கைச் சீமையில் இருந்தது, இன்னொரு பகுதி புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில். பொன்னமராவதிப் பக்கத்துக்காரருக்கும் காளையார்கோவில் பக்கத்துக்காரருக்கும் பாட்டி சொன்ன கதை ஒன்றாக இருக்காது. தொண்டைமான் பல காலமாகக் கம்பெனியின் கூட்டாளி, கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கைக் காத்தார் என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். ஒளிய வந்தவனைக் காட்டிக் கொடுத்தார் என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள்.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்வது. நன்றி மறப்பது வேறு, துரோகம் வேறு. கம்பெனிப் படையில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி இருந்தார். 1795-ல் இந்தப் பக்கம் இருந்தபோது அவருக்கு ஈட்டி எறியவும், வளைந்த எறிகருவியான வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது. 1801-ல் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் வந்தார். மருதுவின் முடிவைப் பார்த்து மனம் கனத்ததை வயதான காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் துரோகி இல்லை, முதலிலிருந்தே எதிர்முகாம்காரர். விருந்தாளியாக வந்து போனவர். ஆனாலும் வளரி கற்றுக் கொடுத்த கையில் விலங்கு பூட்டிய படையில் நிற்பது எப்படி இருந்திருக்கும்? எங்கள் நாடகத்தில் அவருக்கு வசனமே வைக்கவில்லை. ஒரு வளரியைக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஓரமாக நிற்பார், அவ்வளவுதான்.

விசுவாசத்தை மேடையில் காட்டுவது துரோகத்தைக் காட்டுவதைவிடக் கஷ்டம். துரோகத்துக்குக் கடிதம் உண்டு, விஷம் உண்டு, நள்ளிரவில் திறக்கும் கதவு உண்டு. விசுவாசம் பெரும்பாலும் பேசாமல் இருப்பதில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சொல்லும் உடையாளின் கதை அப்படி. ராணி தப்பிப் போன வழியை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்தாள். பின்னால் வந்த படைக்காரர்கள் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. வெட்டிப் போட்டார்கள். அவளுக்கு மானியம் இல்லை, பட்டம் இல்லை, அரண்மனையின் எந்தக் கட்டுக்குள்ளும் அவள் போனதே இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு ரகசியம் அவள் கையில் சாவியாக வந்து விழுந்தது. அவள் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

கொல்லங்குடிப் பக்கம் அரியாக்குறிச்சியில் இருக்கும் வெட்டுடையார் காளி கோவிலோடு அவள் கதையைச் சேர்த்துத்தான் மக்கள் சொல்கிறார்கள். நாட்டைத் திரும்பப் பெற்றதும் வேலு நாச்சியார் தன் தாலியையே அங்கே காணிக்கையாக வைத்ததாகவும் சொல்வார்கள். அந்தக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. ஏமாற்றப்பட்டவர்கள், நம்பிக் கெட்டவர்கள், வேறு எங்கும் நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே போய்க் காசு வெட்டிப் போடுவார்கள். நான் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நடுத்தர வயதுப் பெண். வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. உலோகத்தின் மேல் உலோகம் விழும் ஓசை மட்டும் கேட்டது. வெட்டுப்பட்ட காசைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை, ரொம்ப தூரம் நடந்து வந்த களைப்புதான் இருந்தது. நாணயம் கெட்டவன் மேல் புகார் சொல்ல நாணயத்தையே வெட்டுகிறார்கள். அதுவும் காட்டிக் கொடுக்காமல் செத்த ஒருத்தியின் சந்நிதியில்.

மேடைக்கு எழுதுகிறவர்களுக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. துரோகம் நடக்கும் காட்சிக்கு முன்னால், நம்பிக்கை கொடுக்கப்படும் காட்சி ஒன்று இருந்தே தீர வேண்டும். சாவி கைமாறுவதை நாம் கண்ணால் பார்த்திருந்தால்தான், பின்னால் அது தப்பான கதவில் திரும்பும்போது வயிறு கலங்கும். பல நாடகங்களில் துரோகி முதல் காட்சியிலேயே துரோகி மாதிரி சிரித்துக்கொண்டு நுழைகிறான். அப்படிப்பட்டவனை உள்ளே விட்ட ராஜாவின் மேல்தான் நமக்குக் கோபம் வரும்.

அரண்மனைச் சண்டை 1801-ல் முடிந்துவிடவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கௌரி வல்லபர் ஜமீன்தாராக இருந்து 1829-ல் இறந்தார். உடனே வாரிசுச் சண்டை. இந்த முறை ஈட்டி இல்லை, வக்கீல்கள். அவர் மகள் காத்தம நாச்சியாரின் வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-ல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். வீட்டில் யாருக்கு எந்தப் பங்கு என்ற அதே கேள்வி, வேறு உடையில்.

கடைசி ஒத்திகைக்கு முந்தின நாள் பையன் மறுபடி வந்தான். "ஐயா, சோழபுரத்துக் காட்சியில எனக்கு யாரு பட்டம் கட்டுறா?"

"அக்னியூ."

"வெள்ளைக்காரன் கையாலயா? அப்ப நான் குனியணுமே."

"ஆமா. குனிஞ்சாத்தான் தலைப்பாகை ஏறும்."

அவன் முகப்புக்குப் போய் நின்றான். மீசையைத் தொடவில்லை. நிலைக்கதவைத் தாண்டும்போது ஒரு கையால் நிலையைத் தடவிவிட்டு உள்ளே வந்தான். தூண் தூணாகப் பார்த்துக்கொண்டே நடந்தான், ரொம்ப நாள் கழித்துச் சொந்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி. வளவின் நடுவில் அக்னியூ வேடக்காரப் பையன் கலர் பேப்பர் தொப்பியோடு துண்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். முதல் தடவை இவன் குனிந்தபோது சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை அவசரப்பட்டுவிட்டான். மூன்றாம் தடவை தலை குனிந்தது, கண் மட்டும் குனியவில்லை. அது வந்த வழியே போய், திறந்து கிடந்த வாசலில் நின்றது.

ஆச்சி அரிவாள்மணையை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.